சண்டை முடிந்த வீட்டின் பின்கட்டு

ஜெயித்தவர்கள் கல் நடுவார்கள். வளைவு கட்டுவார்கள். தூண் எழுப்புவார்கள். உலகம் முழுவதும் இதுதான் வழக்கம். தோற்றவன் தலை குனிந்த இடத்தைக் கூட்டி, மெழுகி, தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றுகிறவர்கள் அபூர்வம்.

அமெரிக்காவில் அப்படி ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய படை ஆயுதத்தைக் கீழே வைத்தது. அந்த இடத்தை அந்தக் காலத்துக் கோலத்திலேயே வைத்திருக்கிறார்கள். வீடு, சத்திரம், மளிகைக் கடை, சிறைச்சாலை, வண்டிப்பாதை எல்லாம் 1865-ம் ஆண்டில் நிற்கின்றன.

ஊரின் பெயர் கொஞ்சம் நீளம். 'அப்போமாட்டாக்ஸ் கோர்ட் ஹவுஸ்'.

அங்கே போகிறவர்கள் எல்லோரும் ஒரு வீட்டின் முன்கூடத்தைப் பார்க்கிறார்கள். பார்த்து மனம் நெகிழ்கிறார்கள். நெகிழ வேண்டிய இடம்தான். ஆனால், அந்த வீட்டுக்கு ஒரு பின்கட்டும் உண்டு. முன்கூடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் பாதிப் பாடம் படித்தவர். இதுதான் நான் சொல்ல வந்தது.

ஏன் என்று கேட்கிறீர்களா? முதலில் ஊரைப் பார்ப்போம்.

சத்திரத்தில் பிறந்த ஊர்

விர்ஜினியா மாநிலத்தின் தலைநகர் ரிச்மண்ட். அங்கிருந்து மேற்கே சுமார் 150 கிலோ மீட்டர் தூரத்தில் இந்த ஊர் இருக்கிறது.

அந்தக் காலத்தில் ரிச்மண்டுக்கும் லிஞ்ச்பர்க் என்ற நகரத்துக்கும் குதிரை வண்டி ஓடியது. வழியில் வண்டி நிற்க வேண்டும். குதிரை தண்ணீர் குடிக்க வேண்டும். பயணிகள் படுக்க வேண்டும். 1819-ம் ஆண்டில் ஒரு சத்திரம் கட்டினார்கள். 'குளோவர் ஹில்' என்று பெயர். சத்திரத்தைச் சுற்றி ஊர் வளர்ந்தது.

1845-ல் அந்தச் சுற்று வட்டாரத்தைத் தனிக் 'கவுண்டி' ஆக்கினார்கள். நம் ஊர் தாலுகா மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு கோர்ட்டு கட்டினார்கள். ஊரின் பெயரும் மாறியது. கோர்ட்டு இருக்கும் ஊரைக் 'கோர்ட் ஹவுஸ்' என்றே அழைப்பது விர்ஜினியா வழக்கம்.

பிறகு ரயில் வந்தது. ஊருக்குள் வரவில்லை. ஐந்து கிலோ மீட்டர் தள்ளிப் போய்விட்டது. 1892-ல் கோர்ட்டு கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. புதுக் கோர்ட்டை ரயிலடிப் பக்கம் கட்டிக் கொண்டார்கள். கோர்ட்டு போனதும் வக்கீல் போனார். வக்கீல் போனதும் கட்சிக்காரர் போனார். சத்திரம் காலியாயிற்று. ஊர் தூங்கிவிட்டது.

தூங்கியதும் ஒரு வகையில் நல்லதுதான். ஊர் வளர்ந்திருந்தால் பழைய கட்டடங்களை இடித்து மாடி வீடு கட்டியிருப்பார்கள். பழைய சத்திரமும் கடையும் சிறைச்சாலையும் மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம்.

எதற்காகச் சண்டை?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்தியும் புகையிலையும் விளைந்தன. உழுதவர்கள், விதைத்தவர்கள், அறுத்தவர்கள் பெரும்பாலும் கறுப்பு அடிமைகள். 1860-ம் ஆண்டில் அவர்களின் தொகை சுமார் 40 லட்சம்.

மாட்டைச் சந்தையில் விற்பது போல மனிதரை விற்றார்கள். தாயை ஒருவன் வாங்குவான். பிள்ளையை இன்னொருவன் வாங்குவான். பிரிந்தவர்கள் மறுபடி சேராமலே செத்துப் போனது உண்டு. அடிமைக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதைப் பல தென் மாநிலங்கள் சட்டத்தால் தடுத்தன. விர்ஜினியாவும் அதில் ஒன்று.

1860-ல் ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதி தேர்தலில் வென்றார். புதிய பிரதேசங்களுக்கு அடிமை முறை பரவக் கூடாது என்பது அவர் கட்சியின் கொள்கை. உடனே தென் மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. மொத்தம் 11 மாநிலங்கள். 1861-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி முதல் பீரங்கி வெடித்தது.

"அது மாநில உரிமைக்காக நடந்த சண்டை" என்று பிற்காலத்தில் சிலர் சொன்னார்கள். எந்த உரிமை? அடிமை வைத்துக் கொள்ளும் உரிமை! பிரிந்த மாநிலங்கள் சில, தாங்கள் வெளியிட்ட அறிக்கையிலேயே அதைப் பச்சையாக எழுதி வைத்திருக்கின்றன.

சண்டை நான்கு ஆண்டு நடந்தது. ஆறு லட்சம் வீரர்களுக்கு மேல் மாண்டார்கள். ஏழு லட்சத்தையும் தாண்டும் என்பது அண்மைக்காலக் கணக்கு. குண்டு பாய்ந்து இறந்தவர்களை விட நோயில் இறந்தவர்கள் அதிகம்.

ஓடியவரைத் துரத்திய சண்டை

வில்மர் மக்லீன் என்று ஒரு வியாபாரி. மனாசஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் அவருக்குப் பண்ணை இருந்தது. 1861-ம் ஆண்டு ஜூலை மாதம், போரின் முதல் பெரிய சண்டை அங்கேதான் மூண்டது. அவர் வீட்டைத் தென்படைத் தளபதி எடுத்துக் கொண்டார். பீரங்கிக் குண்டு ஒன்று வந்து சமையல் அடுப்பில் விழுந்தது.

"இந்த வம்பே வேண்டாம்" என்று மக்லீன் குடும்பத்தோடு இடம் பெயர்ந்தார். போரின் நடுவில், தெற்கே வெகு தூரம் போய், ஒரு சந்தடி இல்லாத கிராமத்தில் வீடு வாங்கினார். அந்தக் கிராமம் எது? அப்போமாட்டாக்ஸ் கோர்ட் ஹவுஸ்!

நான்கு ஆண்டு கழித்துச் சண்டை அவர் வீட்டுக் கதவைத் தேடி வந்து தட்டியது.

பசித்த படை

1865-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். தென்படையின் பெரிய தளபதி ராபர்ட் லீ. வடபடையின் தலைமைத் தளபதி யுலிசிஸ் கிராண்ட். ஏப்ரல் 2-ந் தேதி கிராண்ட் லீயின் அரண்களை உடைத்தார். அன்று இரவே லீ தன் படையோடு மேற்கே ஓடத் தொடங்கினார். மறுநாள் ரிச்மண்ட் வீழ்ந்தது.

வழியில் ஓர் ஊரில் ரயிலில் உணவு வந்திருக்கும் என்று லீ நம்பினார். வரவில்லை. வீரர்கள் வறுத்த சோளத்தை மென்று கொண்டு நடந்தார்கள். ஏப்ரல் 6-ந் தேதி ஒரே நாள் சண்டையில் சுமார் 7,700 பேரை லீ இழந்தார். பெரும்பாலோர் கைதியானார்கள். 8-ந் தேதி மாலை, அப்போமாட்டாக்ஸ் ரயிலடியில் லீக்காக நின்ற உணவு ரயில்களை வடபடை பிடித்துக் கொண்டது.

9-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. குருத்தோலை ஞாயிறு. விடிந்ததும் லீயின் படை கடைசியாக ஒரு முறை மோதிப் பார்த்தது. எதிரே குதிரைப்படை விலகியது. விலகிய இடத்தில் வடக்கின் காலாட்படை வரிசை வரிசையாக நின்றது. அந்த வரிசையில் கறுப்பு வீரர்களின் படைப்பிரிவுகளும் இருந்தன. வழி அடைபட்டது.

லீயின் அதிகாரி ஒருவர் யோசனை சொன்னார். "சரண் அடைய வேண்டாம். படையைக் கலைத்துக் காட்டுக்குள் அனுப்பிவிடலாம். அங்கிருந்து போரிடலாம்" என்றார். லீ மறுத்துவிட்டார். வீரர்கள் கொள்ளைக்கூட்டம் ஆகிவிடுவார்கள், நாடு சுடுகாடாகும் என்பது அவர் எண்ணம்.

அடிமை முறைக்காக நின்ற படைக்கு நான்கு ஆண்டு தலைமை தாங்கியவர் அவர். அந்தக் கணக்கு அவர் பெயரில்தான் நிற்கும். ஆனால், அன்று காலை அவர் சொன்ன அந்த ஒரு 'மாட்டேன்' பல ஆயிரம் வீடுகளில் ஒப்பாரியைத் தடுத்தது.

முன்கூடம்

பேச ஓர் இடம் வேண்டும். லீயின் உதவியாளர் ஊருக்குள் வந்தார். எதிர்ப்பட்டவர் மக்லீன்! அவர் முதலில் ஒரு காலி வீட்டைக் காட்டினார். அதில் மேசை நாற்காலி இல்லை. வேறு வழியின்றித் தன் வீட்டையே கொடுத்தார்.

லீ முதலில் வந்தார். வயது 58. புது உடுப்பு, இடுப்பில் அழகான வாள். பிறகு கிராண்ட் வந்தார். வயது 42. சாதாரணச் சிப்பாயின் சட்டை, பூட்ஸ் எல்லாம் சேறு. முதல் நாள் இரவு முழுவதும் அவருக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. லீயின் கடிதம் கிடைத்ததும் வலி பறந்து விட்டதாம். அவரே எழுதி வைத்திருக்கிறார்.

தோற்றவர் மாப்பிள்ளை போல இருந்தார். ஜெயித்தவர் வண்டிக்காரர் போல இருந்தார்.

இருவரும் ஒரே ராணுவக் கல்லூரியில் படித்தவர்கள். மெக்சிகோ யுத்தத்தில் ஒரே பக்கம் நின்றவர்கள். கிராண்ட் அந்தப் பழைய கதையைப் பேசிக் கொண்டே இருந்தார். கடைசியில் லீதான், "வந்த காரியத்தைப் பார்ப்போம்" என்று நினைவூட்ட வேண்டியிருந்தது.

கிராண்ட் நிபந்தனைகளை எழுதினார். அவை என்ன தெரியுமா?

வீரர்கள் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும். இனி ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுக்க வேண்டும். பிறகு வீட்டுக்குப் போகலாம். சட்டத்துக்கு அடங்கி நடக்கும் வரை அவர்களை யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள். அதிகாரிகள் தங்கள் வாளையும் சொந்தக் குதிரையையும் வைத்துக் கொள்ளலாம்.

லீ ஒரு குறை சொன்னார். "எங்கள் படையில் சாதாரண வீரர்களும் சொந்தக் குதிரை கொண்டு வந்திருக்கிறார்கள்" என்றார். கிராண்ட் யோசித்தார். அந்த வீரர்களில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள். ஏப்ரல் மாதம். உழவுக் காலம். குதிரை இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் குளிர்காலத்தில் என்ன சாப்பிடும்? "கொண்டு போகட்டும்" என்றார்.

"என் வீரர்கள் பட்டினி" என்றார் லீ. 25,000 பேருக்கு உணவு அனுப்ப உத்தரவு போட்டார் கிராண்ட்.

அந்த நிபந்தனைகளை மையில் தெளிவாக எழுதிக் கொடுத்தவர் ஈலை பார்க்கர். கிராண்டின் உதவியாளர். செனக்கா என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்தவர். சட்டம் படித்தவர். ஆனால், பழங்குடியினர் குடிமக்கள் அல்ல என்று சொல்லி அவரை வக்கீலாக விடவில்லை. தேசத்தை ஒன்று சேர்த்த கடிதத்தை எழுதிய கைக்கு, அந்தத் தேசத்தில் குடியுரிமை இல்லை!

வெளியே வடபடை வெற்றிக் களிப்பில் பீரங்கி வெடிக்கத் தொடங்கியது. கிராண்ட் நிறுத்தச் சொன்னார். நேற்று வரை எதிரி. இன்று அவர்கள் மறுபடி நம் நாட்டவர் என்பது அவர் கருத்து.

சத்திரத்தில் அச்சாபீஸ்

பழைய குளோவர் ஹில் சத்திரத்தில் அச்சு இயந்திரத்தை வைத்தார்கள். இரவு பகலாக 'பரோல்' சீட்டு அச்சடித்தார்கள். 28,000 வீரர்களுக்கு மேல் அந்தச் சீட்டு கிடைத்தது. சீட்டைக் காட்டினால் அரசாங்கக் கப்பலிலும் ராணுவ ரயிலிலும் ஏறி ஊர் போகலாம்.

ஏப்ரல் 12-ந் தேதி ஆயுதம் ஒப்படைக்கும் நாள். முதல் பீரங்கி வெடித்து அன்றோடு சரியாக நான்கு ஆண்டு. தோற்ற படை வரிசையாக நடந்து வந்தது. வடபடைத் தளபதி சேம்பர்லைன் தன் வீரர்களுக்கு ஓர் உத்தரவு கொடுத்தார். துப்பாக்கிகள் மரியாதையாக உயர்ந்தன. ஊளை இல்லை. ஏளனம் இல்லை. தோற்றவர்களும் பதில் மரியாதை செய்து துப்பாக்கிகளை அடுக்கிவிட்டுப் போனார்கள்.

போர் முழுவதும் அன்றோடு முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரி அல்ல. லீயின் படை மட்டுமே சரண் அடைந்தது. மற்றத் தென்படைகள் அடுத்த வாரங்களில் ஒவ்வொன்றாக அடங்கின. ஆனாலும் மூத்த அண்ணன் பணிந்த பிறகு தம்பிகள் பணிவது சுலபமாயிற்று.

இது தளர்வா? பெருந்தன்மையா?

"கிராண்ட் இவ்வளவு இளகியிருக்கக் கூடாது" என்று சொல்கிறவர்கள் உண்டு. அதை நான் ஏற்கவில்லை.

சிப்பாய் யார்? பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளை. அவனை நிற்க வைத்து அவமானப்படுத்தினால் என்ன கிடைக்கும்? அவன் காட்டுக்குள் போவான். பிறகு அவன் பிள்ளை போவான். அவன் கையில் குதிரையைக் கொடுத்து "போய் உழு" என்று சொன்னால், அவனுக்கு வீட்டு நினைப்பு வரும். பெரிய மனிதத்தனம் என்பது ஒரு பக்கம். அதில் கெட்டிக்காரத்தனமும் இருக்கிறது.

அண்ணன் தம்பி வழக்கில்கூட, ஜெயித்தவர் கோர்ட்டு வாசலில் வெடி வெடித்தால் பகை மூன்று தலைமுறைக்குப் போகும். இதை அறியாத குடும்பம் இல்லை.

ஆகையால் முன்கூடத்துப் பாடம் நல்ல பாடம். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பாடம்.

வீடு போய், வீடு வந்த கதை

இனி நீங்கள் பார்க்கப் போகும் வீட்டைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அது பழைய வீடு அல்ல!

தளபதிகள் வெளியே போனதும் வடபடை அதிகாரிகள் சாமான்கள் மேல் பாய்ந்தார்கள். கிராண்ட் எழுதிய மேசைக்கு 20 டாலர். லீ உட்கார்ந்திருந்த மேசைக்கு 40 டாலர். மக்லீனின் சின்ன மகள் லூலாவின் துணிப் பொம்மை சோபாவில் கிடந்தது. அதையும் ஓர் அதிகாரி எடுத்துக் கொண்டு போய்விட்டார். அந்தப் பொம்மை 1990-களில்தான் ஊர் திரும்பியது. இன்று காட்சியில் இருக்கிறது.

1893-ம் ஆண்டில் வீட்டையே பிரித்துவிட்டார்கள். வாஷிங்டனுக்குக் கொண்டு போய்க் கண்காட்சியாக வைத்துக் காசு பார்க்க எண்ணம். பணம் கிடைக்கவில்லை. செங்கல்லும் மரமும் சுமார் ஐம்பது ஆண்டு குவியலாகக் கிடந்தன. மழை நனைத்தது. வந்தவர் போனவர் ஞாபகத்துக்கு ஒரு கல் என்று எடுத்துப் போனார்கள்.

1940-ல் அரசாங்கம் ஊரைத் தேசிய நினைவிடம் ஆக்கியது. வீட்டைப் பிரித்தபோது போட்ட வரைபடமும் அளவுகளும் பத்திரமாக இருந்தன. நிலத்தைத் தோண்டி அஸ்திவாரத்தைக் கண்டுபிடித்தார்கள். இரண்டாவது உலக யுத்தம் வந்து வேலை நின்றது. போர் முடிந்த பிறகு கட்டி, 1949-ல் மக்களுக்குத் திறந்தார்கள். கோர்ட்டு கட்டடத்தையும் 1960-களில் புதிதாகக் கட்டினார்கள்.

அப்படியானால் இது பொய் வீடா? இல்லை என்பேன். "இது அந்த இடம், அந்த அளவு, ஆனால் பின்னால் கட்டியது" என்று வந்தவரிடம் சொல்லும் வரை அது பொய் ஆகாது. மறைத்தால்தான் பொய்.

பழசைக் காப்பாற்றுவதில் இதுவே முதல் விதி. எது அசல், எது புதுசு என்று சொல்லிவிட வேண்டும். அடுத்த விதி, எதைக் காட்டுகிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்று கேட்டுக் கொள்ள வேண்டும். அந்தக் கேள்விதான் நம்மைப் பின்கட்டுக்கு அழைத்துப் போகிறது.

பின்கட்டு

மக்லீன் வீட்டின் பின்புறம் வாருங்கள். கிணறு இருக்கிறது. தனியாகச் சமையல் கட்டு இருக்கிறது. அதன் பக்கத்தில் இன்னொரு சிறு கட்டடம். அது அடிமைகள் குடியிருந்த இடம்.

1860-ம் ஆண்டுக் கணக்குப்படி அந்தக் கவுண்டியில் சுமார் 4,600 அடிமைகள் இருந்தார்கள். மொத்த ஜனத்தொகையில் பாதிக்கு மேல்! வயலில் புகையிலை வளர்த்தது அவர்கள். சத்திரத்தில் குதிரைக்குப் புல் போட்டது அவர்கள். முன்கூடத்து விருந்தாளிக்குச் சோறு பொங்கியது அவர்கள்.

முன்கூடத்தில் எழுதிய நிபந்தனையை மறுபடி படியுங்கள். சிப்பாயைப் பற்றி இருக்கிறது. வாளைப் பற்றி இருக்கிறது. குதிரையைப் பற்றிப் பேசினார்கள். பின்கட்டில் இருந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கிராண்ட் மேல் குற்றம் சொல்ல முடியாது. அது ராணுவச் சரண் ஒப்பந்தம். அரசியல் பேச அவருக்கு அதிகாரம் இல்லை. 1863-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதியே லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வந்துவிட்டது. ஆனால், வடபடை வந்த இடத்தில்தான் விடுதலையும் வந்தது. அப்போமாட்டாக்ஸுக்கு 1865 ஏப்ரலில்தான் படை வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பின்கட்டுக்காரர்களுக்கும் விடுதலை நாள். அதைத்தான் நெடுங்காலம் யாரும் சொல்லவில்லை.

ஹன்னா

ஹன்னா ரெனால்ட்ஸ் என்று ஓர் அடிமைப் பெண். ஒரு டாக்டர் வீட்டில் இருந்தாள். சண்டை நெருங்கியதும் எஜமான் குடும்பம் ஓடிவிட்டது. வீட்டைப் பார்த்துக் கொள்ள ஹன்னாவை விட்டுப் போனது. ஏப்ரல் 9-ந் தேதி காலை, பீரங்கிக் குண்டு ஒன்று சுவரைத் துளைத்து வந்து அவள் கையைச் சிதைத்தது. அன்றைய சண்டையில் உயிர் இழந்த பொதுஜனம் அவள் ஒருத்திதான்.

"அவள் அடிமையாகவே இறந்தாள்" என்று வெகுகாலம் எழுதி வந்தார்கள். பிறகு ஒரு பழைய மரணப் பதிவு கிடைத்தது. அவள் அன்றே இறக்கவில்லை. ஏப்ரல் 12-ந் தேதி வரை உயிரோடு இருந்திருக்கிறாள். மூன்று நாள். அந்த மூன்று நாளும் அவள் சுதந்திர மனுஷி!

துப்பாக்கிகளை அடுக்கிய அதே நாளில் அவள் கண் மூடினாள். துப்பாக்கி அடுக்கிய கதை எல்லாப் புத்தகத்திலும் வந்தது. ஹன்னாவின் கதை வர நூற்றைம்பது ஆண்டு ஆயிற்று.

இரண்டு விழாக்கள்

1950-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி மக்லீன் வீட்டுக்குப் பெரிய விழா எடுத்தார்கள். ஆயிரக் கணக்கில் கூட்டம். கிராண்டின் பேரனும் லீயின் கொள்ளுப் பேரனும் சேர்ந்து ரிப்பன் வெட்டினார்கள். எதிரிகளின் வாரிசுகள் ஒன்றாக நின்றது நல்ல காட்சிதான்.

ஆனால், அதே 1950-ல் விர்ஜினியாவில் என்ன நிலை? வெள்ளைக் குழந்தைக்கு ஒரு பள்ளிக்கூடம். கறுப்புக் குழந்தைக்கு வேறு பள்ளிக்கூடம். அதுதான் சட்டம்!

அடிமை முறை 1865 டிசம்பரில் அரசியல் சட்டத் திருத்தத்தால் ஒழிந்தது. 1868-ல் குடியுரிமை. 1870-ல் வாக்குரிமை. எல்லாம் ஏட்டில் ஏறின. முகமூடிக் கூட்டம் கறுப்பர்களைக் கொன்றபோது, அப்போது ஜனாதிபதியாக இருந்த அதே கிராண்ட் 1871-ல் சட்டம் கொண்டு வந்து அடக்கினார். ஆனால், நாடு களைத்துப் போயிற்று. 1877-க்குப் பிறகு தெற்கைத் தெற்கின் கையிலேயே விட்டுவிட்டார்கள். விர்ஜினியா 1902-ல் புது அரசியல் சட்டம் எழுதியது. ஓட்டுப் போட வரி கட்டு என்றது. சட்டத்தை வாசித்து விளக்கம் சொல் என்றது. படிக்கவிடாமல் தடுத்தவர்களே, "படிக்கத் தெரிகிறதா?" என்று கேட்டு ஓட்டைப் பறித்தார்கள்!

எழுத்தின் அருமை தெரிந்த நம் வாசகர்களுக்கு இதன் கொடுமையை விளக்க வேண்டியதில்லை.

வாக்குரிமைக்குச் சரியான பாதுகாப்புச் சட்டம் வந்தது எப்போது? 1965-ல். லீ கையெழுத்திட்டு நூறு ஆண்டு கழித்து!

முன்கூடத்தில் இரண்டு வெள்ளைக்காரர் சமாதானம் ஆனார்கள். கை குலுக்கினார்கள். அந்தச் சமாதானத்தின் விலையைப் பின்கட்டு நூறு ஆண்டு கட்டியது.

இரண்டாவது விழா 2015-ல் நடந்தது. சரண் நடந்து 150-வது ஆண்டு. அந்த ஆண்டு அந்தக் கிராமத்தில் 4,600 விளக்கு ஏற்றினார்கள். அந்தக் கவுண்டியின் ஒவ்வோர் அடிமைக்கும் ஒரு விளக்கு. ஹன்னாவுக்கு முறைப்படி இறுதிச் சடங்கு நடத்தினார்கள். முதல் விழாவில் விட்டுப்போனதை இரண்டாவது விழா சேர்த்தது.

பழைய புண்ணைக் கிளறலாமா?

"ஒற்றுமைக்காக நிற்கும் இடத்தில் அடிமைக் கதையை எதற்குப் பேச வேண்டும்? பழைய புண்ணைக் கிளறுவது ஆகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு.

புண் யாருடையது என்று முதலில் பார்க்க வேண்டும். புண் உள்ளவன் "வலிக்கிறது" என்று சொல்வது கிளறுவது ஆகாது. வெளியே தோல் மூடிவிட்டது, உள்ளே சீழ் இருக்கிறது என்றால் வைத்தியர் என்ன செய்வார்? துணியைப் போட்டு மூடிவிட்டுப் போவாரா?

கிராண்டும் லீயும் காட்டிய பெருந்தன்மையை இதனால் யாரும் குறைக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடுகிறோம். அவ்வளவுதான்.

இரண்டு பேர் சண்டை தீர்ந்து சமாதானம் ஆகும்போது, மூன்றாவது ஆள் ஒருவன் வாசலில் நிற்கிறானா என்று பார்க்க வேண்டும். பங்காளிகள் ராசியாகி, பாடுபட்ட பண்ணையாளைத் தெருவில் விட்டால் அது தர்மமா? ஊருக்கும் இதுதான். உலகத்துக்கும் இதுதான்.

போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் பிள்ளைகள் வேலை பார்க்கும் குடும்பங்கள் இன்று நம்மிடையே ஏராளம். பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோர் நயாகரா அருவியைப் பார்க்கிறார்கள். வாஷிங்டனில் வெள்ளை மாளிகையைப் பார்க்கிறார்கள். வாஷிங்டன் வரை போகிறவர்கள் இந்தக் கிராமத்துக்கும் ஒரு நாள் ஒதுக்கலாம்.

போனால், பேரப் பிள்ளைகளுக்கு மூன்று இடத்தைக் காட்டுங்கள்.

முதலில் முன்கூடம். "ஜெயித்தவன் எப்படி நடக்க வேண்டும் என்று இங்கே பார்" என்று சொல்லுங்கள்.

அடுத்தது பின்கட்டு. "இங்கே இருந்தவர்களுக்காகத்தான் அந்தச் சண்டை. அவர்களை யாரும் கூடத்துக்குக் கூப்பிடவில்லை" என்று சொல்லுங்கள்.

மூன்றாவது, ஊருக்கு வெளியே ஒரு சிறு கல்லறைத் தோட்டம். அதில் 19 வீரர்கள் புதைந்திருக்கிறார்கள். 18 பேர் தென்படை. ஒருவர் மட்டும் வடபடை. அவர் பெயர்கூடத் தெரியாது. அந்த ஊர் மக்கள் எதிரி என்று தள்ளாமல் அவரையும் சேர்த்துப் புதைத்தார்கள்.

செத்தவர்களை ஒரே வேலிக்குள் சேர்ப்பது ஒரு நாள் வேலை. உயிரோடு இருக்கிறவர்களை ஒரே பந்தியில் உட்கார வைக்க அந்த நாட்டுக்கு நூறு ஆண்டு போதவில்லை. அந்த வேலை எங்கே பாக்கி இருக்கிறதோ, அங்கே சண்டை இன்னும் முடியவில்லை என்றுதான் அர்த்தம்.